நிக்கிற நேரம் எங்கே?



இந்த வார எபிசோடில் ஏஐ ஏஜென்ட்கள் பத்தி ஒரு மணி நேரத்துக்கு மேல பேசினோம். நடுவுல ஒரு இடத்தில், "டிரிப் பிளானிங் எல்லாம் இனிமே மனுஷன் உட்கார்ந்து செய்யற வேலையே இல்லை" என்று நான் ரொம்பத் தெம்பாகச் சொல்லியிருப்பேன். ரெக்கார்டிங் முடிந்த அதே வார இறுதியில் அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. எடிட் பண்ணி எடுத்திருக்கலாம். அதைவிட இங்கே எழுதிவிடுவது நேர்மை என்று பட்டது.

விஷயம் இதுதான். அப்பாவும் அம்மாவும் மே மாசம் திருநெல்வேலியில் இருந்து டொராண்டோ வந்தாங்க. அக்டோபரில் திரும்பிப் போறாங்க. அப்பாவுக்கு 71 வயசு, ரெண்டு முழங்காலும் சரியில்லை. "இதுதாம்ல கடைசி, இனிமே இம்புட்டு தூரம் உட்கார்ந்து வர முடியாது" என்று வந்து இறங்கிய அன்னைக்கே ஏர்போர்ட் பார்க்கிங்கில் சொல்லிட்டாங்க. நான் சிரிச்சு மழுப்பினேன். ஆனா அதுக்கப்புறம் ஒவ்வொரு வார இறுதியையும் எண்ண ஆரம்பிச்சுட்டேன்.

நயாகரா முடிந்தது. சிஎன் டவர் முடிந்தது. ஸ்கார்பரோவில் எல்லாக் கோயிலும் முடிந்தது. மிச்சம் ஒரே ஒரு பெரிய பயணம். அதில்தான் ரெண்டு பேரும் ரெண்டு திசை. அம்மாவுக்குக் கல் பாவின தெரு, பழைய வீடு, கடைகள் உள்ள நகரம் வேணும். "பிரான்ஸ் மாதிரியே ஒரு ஊரு இங்கனயே இருக்காமே?" கியூபெக் சிட்டி. 1608-ல் உருவான ஊர், மெக்சிகோவுக்கு வடக்கே கோட்டைச் சுவர் இன்னும் நிக்கிற ஒரே நகரம், 1985-ல் இருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கு. அப்பாவுக்கோ திமிங்கிலம் பார்க்கணும்.

திமிங்கிலத்துக்கு ஒரு காரணம் உண்டு. 2016 ஜனவரியில் திருச்செந்தூர், மணப்பாடு கடற்கரையில் 80-க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கியது உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மீனவர்கள் கடலுக்குள்ளே தள்ளிவிட, சிலது மறுபடியும் கரைக்கே வந்தது. அப்பா பஸ் ஏறிப் போய்ப் பார்த்தாங்க. "மணல்ல மூச்சு விட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு தடவையாவது நீந்துறதப் பாக்கணும்." அதை அதுக்கப்புறம் பெரிசா பேசினதில்லை. இந்த ஜூனில், சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது, "இங்க பக்கத்துல திமிங்கிலம் வர்ற எடம் ஏதும் இருக்கா?" என்று சாதாரணமா கேட்டாங்க.

இருக்கு. டடூசாக். கியூபெக் சிட்டியில் இருந்து 138-ஆம் நெடுஞ்சாலையில் சுமார் 215 கிலோமீட்டர். சென்ட் லாரன்ஸ் ஆத்துக்கு அடியில் 300 மீட்டருக்கும் மேல் ஆழமான ஒரு பள்ளம் கடலில் இருந்து உள்ளே வருது. சாகனே ஆறு வந்து சேர்ற இடத்துக்குப் பக்கத்தில் அது சட்டென்று முடிஞ்சுபோகுது. அடியில் வந்த குளிர்ந்த தண்ணீர் முட்டி மேலே எழும்ப, அதோட கிரில் மேலே வர, அதைத் தின்ன திமிங்கிலங்கள் வருது. பெலுகா வருஷம் முழுக்க அங்கேயே இருக்கும். கோடையில் மிங்கி, ஃபின் வரும், சில சமயம் நீலத் திமிங்கிலமே வரும். வெறும் 800 பேர் மாதிரி இருக்கிற ஊர்.

ஆக, ஒரு வாரம், ரெண்டு இடம். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத இடம். நான் கான்ட்ராக்டர். எனக்கு சம்பளத்தோட லீவு கிடையாது. போகாத 5 நாளுக்கு இன்வாய்ஸில் பூஜ்யம். அதனால இந்தப் பயணம் ரெண்டாம் தடவை ரிலீஸ் பண்ணக்கூடிய சமாச்சாரம் இல்லை.

ஏஐ கிட்டே கேட்டேன். பத்து செகண்டில் பிரமாதமான ஒரு ஏழு நாள் திட்டம் வந்தது. மான்ட்ரியலில் ஒரு நாள், கியூபெக் சிட்டியில் ஒன்றரை நாள், காலையில் மான்ட்மரன்சி அருவி, மத்தியானம் 3 மணிக்கு டடூசாக்கில் படகு, அடுத்த நாள் ஃபியோர்டு, திரும்ப கியூபெக், கடைசி நாளில் ஒரே மூச்சில் 800 கிலோமீட்டர் டொராண்டோ. பக்கத்தில் குட்டிக் குட்டி எமோஜி வேற. பார்த்ததும் எனக்குப் பெருமையா இருந்தது. டேப்லெட்டை அப்பா கையில் கொடுத்தேன்.

அப்பா முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, விரலால் ஒவ்வொரு வரியாத் தள்ளிக்கிட்டே வாசிச்சாங்க. முடிச்சுட்டு ஒரே கேள்வி: "ஓடுற நேரம் மட்டும்தாம்ல போட்டிருக்கு. நிக்கிற நேரம் எங்க?"

எனக்கு முதலில் புரியலை. அவங்க விளக்கினாங்க. வள்ளியூரில் ஆள் ஏறுற நேரம், டிரைவர் டீ குடிக்கிற நேரம், ரயில்வே கேட் மூடினா நிக்கிற நேரம். "ஓடுறது டிரைவர் பாடு. நிக்கிறத கணக்குப் போடுறதுதான் டைம் கீப்பர் வேலை."

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச நமக்கு இதுக்கு வேற பேர் தெரியும்: கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச். ஒரு பிராசஸில் இருந்து இன்னொன்றுக்கு மாறும்போது சிபியு உருப்படியா எதுவும் செய்யறதில்லை. கேஷ் வேற காலியா இருக்கும். மாறிக்கிட்டே இருந்தா மாறுறதுதான் வேலையாப் போகும். ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பரீட்சையில் பக்கம் பக்கமா எழுதினவன், ஏழு நாளில் நாலு இடம் மாறுற பிளானைப் பார்த்துப் பூரிச்சுப் போயிருக்கேன்! 11 மணிக்கு செக்-அவுட், 4 மணிக்கு செக்-இன், நடுவில் எல்லாப் பெட்டியும் காருக்குள்ளே, மூணு வயசு மகள் தூக்கத்தில், அப்பாவுக்கு ஒன்றரை மணிக்கு ஒரு தடவை பாத்ரூம். ஒரு இடம் மாறினா ஒரு நாள் போச்சு. அரை நாள் இல்லை, ஒரு நாள்.

"ஏஐ இதெல்லாம் தப்பாத்தான் செய்யும்" என்று சொல்ல வரலை. கொஞ்சம் நுணுக்கமா பார்க்கணும். 2024-ல் டிராவல்பிளானர் என்று ஒரு பெஞ்ச்மார்க் வந்தது. பட்ஜெட், தங்கும் விதிமுறை, சாப்பாடு என்று நிபந்தனைகளோடு 1,225 பயணக் கேள்விகள். தகவலைத் தானே தேடி, எல்லா நிபந்தனையையும் மீறாமல் திட்டம் போடுவதில் அப்போதைய ஜிபிடி-4 பாஸ் பண்ணினது 0.6 சதவீதம். அதே வருஷம் இன்னொரு குழு, மொழி மாடலைத் திட்டம் போட விடாமல், ஆசைகளை நிபந்தனைகளா மொழிபெயர்க்க மட்டும் வைத்து, கணக்கை ஒரு சால்வர் கிட்டே கொடுத்தாங்க. அது 90 சதவீதத்தைத் தாண்டியது. 0.6 பழைய எண், மாடல்கள் இப்போ ரொம்பத் தூரம் வந்தாச்சு. ஆனா அந்த ரெண்டாவது பேப்பர் சொல்ற வேலைப் பிரிவினை இன்னைக்கும் சரி என்றுதான் எனக்குத் தோணுது.

என்னோட போட்காஸ்ட் பண்ற நண்பன் ஒத்துக்கலை. "உன் பிராம்ப்ட் மொக்கை. அப்பா முழங்கால், பாப்பா தூக்கம் எல்லாத்தையும் கொடுத்திருந்தா சரியா போட்டிருக்கும்." இருக்கலாம். ஆனா அந்த நிபந்தனைகள் எனக்கே தெரியாதே! ஒன்றரை மணி நேரக் கணக்கு அப்பா அந்தத் திட்டத்தைத் திட்டும்போதுதான் வெளியே வந்தது. "உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டா, "உன் இஷ்டம்ல" என்பதுதான் எங்க வீட்டு எக்ஸ்பெக்டட் அவுட்புட். தப்பான ஒரு திட்டத்தைக் கையில் கொடுத்தால்தான் வாய் திறக்கும். அம்மா மட்டும் என்னவாம்? முழுசா கேட்டுட்டு, "தேதி என்ன? புரட்டாசி பிறக்கிறதுக்குள்ள வந்துரணும். அந்தச் சின்ன ஊர்ல எனக்கு யாரு சைவம் ஆக்கித் தருவா?" என்றாங்க. செப்டம்பர் 17-க்கு முன்னாடி. இதை எந்த பிராம்ப்டில் நான் எழுதியிருப்பேன்?

தேதி அப்படித்தான் விழுந்தது. ஜூலைக் கடைசி ரெண்டு வாரம் கியூபெக்கில் கட்டுமானத் தொழிலாளர் விடுமுறை, மாகாணமே ரோட்டில் இருக்கும். அதைத் தவிர்த்து, லேபர் டே முடிந்த வாரம். மகள் அடுத்த வருஷம் ஜேகே போயிடுவா, அப்புறம் செப்டம்பர் நமக்குக் கிடையாது.

அடுத்து மான்ட்ரியலை வெட்டினேன். மனைவிக்கு வருத்தம்தான், அங்கே அவளுக்குத் தோழிகள் உண்டு. ஆனா ரெண்டு மாறுபட்ட இடம் என்றால் ரெண்டுதான். மூணாவது ஒண்ணு நுழைஞ்சா அது வெறும் லிஸ்ட் ஆயிடும். முதல் ராத்திரி எப்படியும் வழியில் தங்கணும் என்பதால், நகரத்துக்குள்ளே போகாமல் மேற்குப் பக்கம் தொலார்-தே-ஓர்மோவில் இருக்கும் திருமுருகன் கோயில் மட்டும். அம்மா சம்மதம். மனைவி பாதி சம்மதம்.

இனி எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி: எது முதலில்? மேப்பைப் பார்த்தால் கியூபெக் சிட்டி முதலில் வருது, அதனால் எல்லாரும், ஏஐ உட்பட, அதைத்தான் முதலில் போடறாங்க. தப்பு. திமிங்கிலப் படகு பனிமூட்டத்திலும் காற்றிலும் நின்னுபோகும். கோட்டைச் சுவர் மழையில் நனைஞ்சாலும் அங்கேயேதான் நிக்கும். எது ஃபெயில் ஆக வாய்ப்பு அதிகமோ அதுக்கு ரீட்ரை வேணும், அதனால் அது முதலில் வரணும். டடூசாக்கை வாரக் கடைசியில் வைத்து, அன்னைக்குப் பனிமூட்டம் விழுந்தா அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்றது? ஞாயிறு சாயங்காலம் போய்ச் சேர்ந்தால் திங்கள், செவ்வாய், புதன் காலை என்று மூணு வாய்ப்பு. படகு சரிப்படலைன்னா பெர்ஜரோன் பக்கம் காப்-தே-பான்-தெசீர் இருக்கு. கரையிலேயே ஆழம் என்பதால் பாறையில் உட்கார்ந்தபடியே திமிங்கிலம் பார்க்கலாம். முழங்காலுக்கும் நல்லது, மகளுக்கும் நல்லது. பெலுகாவுக்குப் படகுகள் 400 மீட்டர் தள்ளித்தான் நிக்கணும் என்பது அந்தக் கடல் பூங்காவின் சட்டம். பாறைக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை.

டடூசாக் போக சாகனே ஆத்தைத் தாண்டணும். பாலம் கிடையாது. பே-சான்ட்-கத்ரீனில் இருந்து ஃபெர்ரி, ராத்திரி பகல் எந்நேரமும் ஓடும், காசு இல்லை, சுமார் 10 நிமிஷம். ஏஐ திட்டத்தில் அந்த 10 நிமிஷம் சரியாவே இருந்தது. அப்பா கேட்டது: "ஒரு போட்டு போனா அடுத்தது எப்ப? எத்தன வண்டி ஏறும்? வரிச எம்புட்டு நிக்கும்?" நான் ஒரு மணி நேரம் போட்டிருக்கேன். அதில் அவங்களுக்கு முழுத் திருப்தி இல்லை.

நகரத்திலும் ஒரு குழி இருந்தது. கீழ் ஊரான பெத்தி-ஷாம்ப்ளேனில் இருந்து மேலே ஷாத்தோ ஃப்ரொந்தனாக் ஓட்டல் வரைக்கும் "சில நிமிட நடை" என்று போட்டிருந்தது. மேப்பில் பார்த்தா அப்படித்தான். ஆனா நடுவில் சுமார் 60 மீட்டர் ஏற்றம் இருக்கு, அங்கே உள்ள படிக்கட்டுக்குப் பேரே கழுத்தொடிப் படி. நல்லவேளையா 1879-ல் இருந்தே ஒரு ஃபுனிக்குலர் இருக்கு, சரிவில் ஏறுற லிஃப்ட் மாதிரி. அம்மா கீழே கடைகள் பார்க்க, அப்பா மேலே மொட்டைமாடி மாதிரி இருக்கிற டெரஸில் உட்கார்ந்து ஆத்தில் கப்பல் பார்க்கலாம்.

கடைசியில் பயணம் சனி முதல் அடுத்த ஞாயிறு வரை, 9 நாள். பில் பண்ண முடியாதது அதே 5 நாள்தான். திட்டம் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கு. ரெண்டு காலம்: ஓடுற நேரம், நிக்கிற நேரம். ரெண்டாவது காலத்தை நிரப்பினது அப்பா. டொராண்டோவில் இருந்து மான்ட்ரியல் 540 கிலோமீட்டர், மேப் ஐந்தரை மணி சொல்லுது, அவங்க 401-ல் இருக்கும் ஆன்ரூட் நிறுத்தங்களை எல்லாம் எண்ணிப் பார்த்துட்டு எட்டரை எழுதியிருக்காங்க. ஏஐயை இப்போ நான் பயன்படுத்துறது பிரெஞ்சில் ஓட்டல்காரருக்கு மெயில் எழுத மட்டும். சமையலறை உள்ள அறையா, தரைத்தளமா என்று கேட்டு. பதில் வந்தாச்சு, ரெண்டும் உண்டாம்.

அடுத்த எபிசோட் வழக்கம்போல வரும், நண்பன் தனியா நடத்துவான். "ஏஜென்ட்கள் ஜெயிச்சுட்டாங்க" என்று நான் இல்லாதப்போ ஏதாவது சொன்னால் எனக்கு எழுதுங்க. டடூசாக்கில் சிக்னல் கிடைச்சா படிக்கிறேன்.