கொத்மலை ஓயாவுக்கு இரண்டு இரவுகள்

ரொறன்ரோவில் வாழும் என் பெரியம்மாவின் மகன், மனைவி பிள்ளைகளுடன் இலங்கைக்கு வருவதாக எழுதியிருந்தார். யாழ்ப்பாணத்தில் பத்து நாட்கள், கொழும்பில் மூன்று நாட்கள், இடையில் மலைநாட்டுக்கு மூன்று நாட்கள். “தம்பி, நுவரெலியாவுக்குப் போற வழியில பாக்கக்கூடிய நீர்வீழ்ச்சியளின்ர பெயரை எழுதி அனுப்பு, வான் சாரதியிட்டைக் குடுக்கோணும்” என்று கேட்டிருந்தார். இப்படியான கடிதங்கள் ஆண்டுதோறும் எனக்கு வரும். பத்திரிகைக்காரன் என்றால் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் தெரிந்திருக்கும் என்பது எம்மவரின் அசையாத நம்பிக்கை. பெயர்களை எழுதத் தொடங்கினேன். டெவோன், சென் கிளயர் என்று இரண்டை எழுதியபின் கை ஓடவில்லை. பட்டியலுக்குப் பதிலாக நீண்ட கடிதமொன்றை எழுதி அனுப்பினேன். இதே கேள்வியை வேறு பலரும் கேட்பதால் அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

வழமையான பயணம் எப்படி அமைகிறது என்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கொழும்பிலிருந்து விடியற்காலையில் வான் புறப்படும். கினிகத்தேனை கடந்து ஹட்டன் தாண்டியதும் வீதியோரத்தில் இரண்டு இடங்களில் நிற்கும். டெவோனுக்குப் பத்து நிமிடம், சென் கிளயருக்குப் பத்து நிமிடம். படம் எடுத்தாயிற்று. தலவாக்கலை நகரத்தில் வான் நிற்பதே இல்லை. நின்றால் அது கழிப்பறைக்காக. மாலையில் நுவரெலியாவில் குளிர்க்காற்றும் வாவியும் ஸ்ரோபெரியும். இந்த மூன்று நாட்களில் இரண்டு இரவுகளைத் தலவாக்கலையில் கழியுங்கள் என்பதே என் ஆலோசனை. நுவரெலியா எங்கும் ஓடிவிடாது.

கொத்மலை ஓயாவின் பள்ளத்தாக்கு வாகனச் சாளரத்தினூடாகப் பார்த்து முடிக்கக்கூடியதல்ல. ஹோட்டன் சமவெளிப் பக்கத்திலிருந்து ஆக்ரா ஓயாவாக இறங்கி, அக்கரப்பத்தனை, லிந்துலைத் தோட்டங்களின் நடுவே வந்து, நானுஓயாவின் நீரையும் ஏற்றுக்கொண்டு தலவாக்கலையை அடைகிறது ஆறு. அங்கிருந்து பூண்டுலோயாப் பக்கமாகச் சரிந்து, கொத்மலை நீர்த்தேக்கத்தில் புகுந்து, கம்பளைக்கு மேலே மகாவலியுடன் கலக்கிறது. திருகோணமலையில் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரும் 335 கிலோமீற்றர் நீளமான கங்கையின் தலைப்பகுதி இது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கலைப்பீட மாணவனாக இருந்த நான்கு ஆண்டுகளும் நான் அந்தக் கங்கையின் கரையிலேயே நடந்தேன். அதன் நீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. தலவாக்கலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த சகமாணவன்தான் ஒரு விடுமுறையில் என்னை அழைத்துச் சென்று காட்டினான்.

செல்வதானால் புகையிரதத்தில் செல்லுங்கள். இப்பாதை 1884இல் ஹட்டனையும் 1885இல் நானுஓயாவையும் எட்டியது. தேயிலைப் பெட்டிகளை இறக்குவதற்காகப் போடப்பட்ட பாதை. ஹட்டனை விட்டதும் சிங்கமலைச் சுரங்கம் வரும். அரைக் கிலோமீற்றருக்கும் அதிகமான அந்த இருட்டில் இளைஞர்கள் கூக்குரலிடுவது பரம்பரை வழக்கம். உங்கள் பிள்ளைகளும் கூவட்டும். கொட்டகலை கடந்து தலவாக்கலையை நெருங்கும்போது எதிர்மலையில் அருவி தெரியும். ஆனால் ஒன்று: 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் மழையிலும் மண்சரிவிலும் மலைநாட்டுப் புகையிரதப் பாதை பல இடங்களில் சிதைந்தது. நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் மாண்ட அந்த அனர்த்தத்தில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களே அதிகம் அடிபட்டன. ஆகவே எந்த நிலையம் வரை புகையிரதம் ஓடுகிறது என்பதை விசாரித்தபின் புறப்படுங்கள். சரிந்த மலைச்சரிவுகளை வழியெங்கும் காண்பீர்கள். அவற்றின் அடிவாரங்களில் லயன்கள் இருப்பதையும் காண்பீர்கள்.

இனி அருவிகள். டெவோன் 97 மீற்றர் உயரமானது. கோப்பிக் காலத்துத் தோட்டக்காரர் ஒருவரின் பெயரைச் சுமப்பது. மெலிந்து, நேராக, அழகாக விழும். அதை வீதியிலிருந்து பார்த்தாலே போதும். சென் கிளயர் அப்படியல்ல. ஏறத்தாழ 80 மீற்றர் உயரத்திலிருந்து படிப்படியாக, அகன்று இறங்கும் அருவி அது. இலங்கையின் மிக அகலமான அருவிகளுள் ஒன்று. தொண்ணூறுகளில் என் நண்பனுடன் அதன் எதிரே நின்றபோது பேச்சுக் கேட்கவில்லை, கத்த வேண்டியிருந்தது. இன்று நீங்கள் சாதாரண குரலில் பேசலாம்.

காரணம் தலவாக்கலையில், அருவிக்கு மேலே எழுப்பப்பட்ட மேல்கொத்மலை அணை. ஜப்பானிய கடனுதவியுடன் 2006இல் வேலை தொடங்கி 2012இல் மின்னுற்பத்தி ஆரம்பமானது. ஆற்று நீர் அணையிலிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான நிலக்கீழ்ச் சுரங்கத்தின் வழியே மின்நிலையத்துக்குச் செல்கிறது. 150 மெகாவொட் மின்சாரம். சென் கிளயர் முற்றாக மறைந்துவிடக் கூடாதென்று, பகலில் பத்து மணிநேரம் குறித்த அளவு நீர் விடுவதென்ற ஏற்பாடும் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. சுற்றுலாப் பயணிகளின் நேரசூசிக்கு ஏற்பத் திறந்து மூடப்படும் அருவி! ஆகையால்தான் இரண்டு இரவுகள் தங்குங்கள் என்கிறேன். அதிகாலையில் ஒருமுறை சென்று ஈரப்பாறையைப் பாருங்கள். வெயில் ஏறியபின் மீண்டும் சென்று நீரைப் பாருங்கள். பருவமழை பலத்துப் பெய்து வான்கதவுகள் திறக்கப்பட்ட நாளொன்றில் அங்கு இருக்க வாய்த்தால் பழைய சென் கிளயரையே பார்க்கலாம். அது உங்கள் அதிர்ஷ்டம்.

அணை கட்டியிருக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கொழும்பில் மின்விசிறியின் கீழ் இருந்து எழுதுபவனுக்கு அப்படிச் சொல்லும் தகுதி குறைவு. எனக்குள்ள முறைப்பாடு வேறு. அத்திட்டத்தைப் பற்றிய வாதங்கள் சூடாக நடந்த காலத்தில் அருவிகளின் அழகுக்காகப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. இடம்பெயர வேண்டியிருந்த ஏறத்தாழ 500 குடும்பங்களைப் பற்றியும், தம் காலடியில் சுரங்கம் தோண்டப்படுவதை எண்ணி அஞ்சிய தோட்ட மக்களைப் பற்றியும் வந்தவை அதனுடன் ஒப்பிட எம்மாத்திரம்? நானும் அந்தப் பத்திரிகை உலகத்தில்தான் இருந்தேன்.

அதற்கு முன்பே எனக்கு ஒரு பாடம் கிடைத்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிறு இதழொன்றுக்கு இப்பள்ளத்தாக்கைப் பற்றிப் பயணக்கட்டுரை எழுதினேன். பச்சைக் கம்பளம், வெள்ளி அருவி, பனித்திரை, புன்னகை பூத்த கொழுந்து பறிக்கும் நங்கையர். ஆசிரியர் மிக மெச்சினார். நண்பனுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். அவன் அதைப் படித்துவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டான். “எங்கம்மா எந்த வரியில வர்றாங்க?” அவனுடைய தாயார் அப்போது முப்பது ஆண்டுகள் கொழுந்து பறித்திருந்தார். அந்த வீட்டில் நான் மூன்று நாட்கள் ரொட்டியும் சம்பலும் உண்டிருந்தேன். அவர் விடியுமுன் எழுந்து சமைத்து வைத்துவிட்டு மலைக்குப் போவதையும், மாலையில் வந்து காலில் ஒட்டிய அட்டைகளைப் பிடுங்கிச் சுண்ணாம்பு தடவுவதையும் கண்டிருந்தேன். கட்டுரையில் ஒன்றுமே இல்லை.

ஆகவே என் அண்ணனுக்குக் கண்டிப்பாக எழுதிய ஒன்று: வீதியோரத்தில் கூடையை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, தோட்டத்துப் பெண்களின் நடுவே நின்று படமெடுத்து ஐந்நூறு ரூபா கொடுக்கும் வேலை வேண்டாம். ஐந்நூறு ரூபா அவர்களுக்குத் தேவையான பணமே. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் பிள்ளைகள் ரொறன்ரோவுக்குக் கொண்டு போவது பொய்யான படம். இடுப்பில் படங்கைக் கட்டிக்கொண்டு, வழுக்கும் சரிவில், கிலோக் கணக்கை முடிக்க ஓடி ஓடிப் பறிப்பவர்களுக்குப் புன்னகைக்க நேரம் இல்லை. தோட்டத்தில் அனுமதி பெற்று, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு நாட்பேருக்கு எத்தனை கிலோ, குறைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். தமிழில் கேட்டால் தமிழில் பதில் வரும். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2021இல் கைக்கு வருவதற்குள் எத்தனை ஆண்டுகள் கோரிக்கையும் போராட்டமும் கழிந்தன என்பதையும் சொல்வார்கள்.

தேயிலைத் தொழிற்சாலை பார்ப்பது நல்லது. வாட்டுதல், அரைத்தல், நொதிக்கவிடல், உலர்த்தல், சலித்தல் என்று எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் காட்டிவிடுவார்கள். 1925இல் தோற்றுவிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையமும் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. மூத்த பிள்ளை விஞ்ஞானம் படிப்பதாகச் சொன்னதால் குறிப்பிட்டேன்.

அடுத்த நிலையம் வட்டகொடை. அதனருகே மடக்கும்பரைத் தோட்டம். 1914இல் அங்கே பிறந்தவர் சி.வி. வேலுப்பிள்ளை. தோட்ட மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தவர், ‘வீடற்றவன்’ நாவலை எழுதியவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவானவர். அவ்வாண்டு இலங்கை இந்தியக் காங்கிரஸிலிருந்து ஏழு பேர் நாடாளுமன்றம் சென்றனர். மறு ஆண்டு பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. 1952இல் நடந்த தேர்தலில் அந்த மக்களில் மிகப் பெரும்பாலானோருக்கு வாக்கே இல்லை. அந்தச் சட்டங்களின் காலத்தில் யாழ்ப்பாணத்துத் தலைமை இரண்டாகப் பிளந்தது என்பதையும், ஒரு பகுதி அரசாங்கத்துடன் அமர்ந்திருந்தது என்பதையும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது நாம்தான். 1964 ஒப்பந்தத்தின் பின் இதே நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்கு மக்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்றார்கள். வட்டகொடை நிலையத்து மேடையில் அரைமணி நேரம் அமர்ந்திருங்கள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. ஓர் இருக்கை, பூந்தொட்டிகள், மலை. மாசி மாதத்தில் வந்தால் சில தோட்டங்களில் காமன் கூத்தும் காணக் கிடைக்கும்.

இரண்டாம் நாள் பஸ்ஸில் பூண்டுலோயா வழியாகத் தவலந்தென்னைக்கு இறங்குங்கள். வானை வெறுமையாகப் பின்னால் வரச் சொல்லலாம். தேயிலை குறைந்து மரக்கறித் தோட்டங்களும் வயல்களும் தொடங்கும். தமிழ்ப் பேச்சு தணிந்து சிங்களப் பேச்சு கேட்கும். கீழே கொத்மலை நீர்த்தேக்கம். சுவீடனின் உதவியுடன் 1985இல் நிறைவுற்ற அந்த அணைக்காக மூவாயிரம் வரையான குடும்பங்கள் பெயர்க்கப்பட்டன. பெரும்பாலும் சிங்களக் கிராமத்தவர். துட்டகைமுனு ஒளிந்து வாழ்ந்ததாக அவர்கள் போற்றும் மண் அது. வரட்சியில் நீர் வற்றும்போது கடதொர விகாரையின் எச்சங்கள் சேற்றிலிருந்து வெளிப்படும். பிறந்த ஊரைப் பார்க்க அப்போது முதியவர்கள் வருவார்கள். ஒருமுறை நானும் அங்கு நின்றேன். ஊரை இழந்தவர் முகத்தை நாம் வேறெங்கும் காண வேண்டியதில்லை, கண்ணாடியே போதும் என்று எண்ணியிருந்தவன் அன்று பேசாமல் திரும்பினேன்.

கடைசியாக ஒரு விடயம். அதை எழுதுவதா விடுவதா என்று தயங்கிவிட்டுத்தான் எழுதினேன். அண்ணனும் நானும் வளர்ந்தது அம்மம்மாவின் வீட்டில். எழுபதுகளின் பிற்பகுதியில் அந்த வீட்டு அடுக்களையில் ஒரு சிறுமி வேலைக்கு இருந்தாள். எங்களைவிட ஓரிரு வயதுதான் கூடியிருக்கும். தோட்டங்களில் பட்டினிச்சாவுகள் நிகழ்ந்த 1973, 1974 காலத்தையொட்டி வடக்கின் வீடுகளுக்கு இப்படிப் பல பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். நாங்கள் பள்ளிக்கூடம் போகும்போது அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருப்பாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் “தலவாக்கலைப் பக்கம்” என்பாள். எந்தத் தோட்டம் என்று நாங்கள் கேட்டதில்லை. ஒரு நாள் அவளைக் காணவில்லை. ஊருக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். நண்பனின் தாயார் என் தட்டில் ரொட்டியை வைத்தபோது எனக்கு அவளுடைய நினைவு வந்தது. வாய் திறந்து சொல்லவில்லை. ‘பிள்ளைகளுக்கு அருவியைக் காட்டும்போது இதையும் சொல்லுங்கள்’ என்று அண்ணனுக்கு எழுதினேன்.

நான்கு நாட்களாகப் பதில் இல்லை. மனம் புண்பட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் வந்தது. தலவாக்கலையில் இரண்டு இரவுகள் தங்குவதாக முடிவு செய்திருக்கிறார்கள். இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். கம்பளி உடுப்பு வேண்டுமா என்பது முதலாவது. வேண்டும், ஏப்ரலிலும் இரவில் குளிரும், மழைக்கு ஒரு குடையும் கொண்டுவாருங்கள் என்று பதில் எழுதினேன். அந்தப் பிள்ளையின் பெயர் என்ன என்பது இரண்டாவது. அம்மம்மா அவளைத் தமக்கு வாய்த்த பெயரொன்றால் கூப்பிடுவார். அது அவளுடைய பெயரல்ல. அதைத்தான் எழுத முடிந்தது.