பிடித்த பணம் எங்கே ஐயா?

மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து 1,200 ரூபாயைப் பிடித்துக்கொண்டு, பி.எஃப். என்று சீட்டில் அச்சடித்துக் கொடுத்தார்கள். 150 ரூபாயைப் பிடித்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. என்று போட்டார்கள். சீட்டுகள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. மேலே கம்பெனியின் சின்னம், கீழே 'கணினியில் தயாரானது, கையெழுத்து தேவையில்லை' என்ற வரி. பணம்தான் இல்லை. பி.எஃப். பாஸ்புக்கில் ஆரம்பத்தில் சில மாதங்களுக்கு வரவு தெரிகிறது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. சீட்டில் மட்டும் பிடித்தம் ஒரு மாதம்கூடத் தவறவில்லை.

இதைச் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "படிச்ச பொண்ணுதானே, நீ பார்க்க வேண்டாமா?" என்பது. கேட்கிறவர்கள் நல்லவர்கள்தான். சித்தப்பா கேட்டார். ஹாஸ்டல் தோழி கேட்டாள். கல்லூரியில் எங்களை வேலைக்குத் தேர்வுசெய்ய ஆட்களை அழைத்து வந்த சாரும் கேட்டார். "அவன் எப்படி எடுக்கலாம்?" என்று ஒருவராவது கேட்கவில்லை. பறிகொடுத்தவளுக்குத்தான் விசாரணை. எடுத்தவர்கள் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வேலை கிடைத்ததும் கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். என் போட்டோ, என் பெயர், பக்கத்தில் 'ஆண்டுக்கு 3 லட்சம்'. அப்பா ராஜபாளையம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். சனிக்கிழமை கூலியைக் கையில் எண்ணி வாங்கித்தான் பழக்கம். சம்பளச் சீட்டு என்று ஒன்றை அவர் வாங்கியதே இல்லை. 3 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து, "மாசம் இருபத்தஞ்சாயிரம்!" என்று அம்மாவிடம் சொன்னார். கல்விக் கடனுக்கு இவ்வளவு, தம்பி படிப்புக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதியும் வைத்தார்.

அந்த இருபத்தைந்தாயிரம் போன வழியைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம் 10,000. வீட்டு வாடகைப் படி 4,000. 'ஸ்பெஷல் அலவன்ஸ்' 6,000. ஆக 20,000. மீதி 5,000 ரூபாயில், கம்பெனி தன் பங்காகக் கட்ட வேண்டிய பி.எஃப். 1,200. கம்பெனி கட்ட வேண்டிய ஈ.எஸ்.ஐ. 650. பணிக்கொடை என்று 481. போனஸ் என்று 833. மிச்சம் 1,836 ரூபாய்க்கு 'வேரியபிள் பே' என்று பெயர். வருடக் கடைசியில் மேலே இருப்பவர்கள் மனம் வைத்தால் வரும். பணிக்கொடைக்கு ஐந்து வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்தக் கம்பெனியில் ஐந்து வருடம் நீடித்த ஓர் ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆனாலும் அந்த 481 ரூபாய் என் மூன்று லட்சத்துக்குள் உட்கார்ந்துகொண்டு என் மதிப்பை ஊருக்குப் பெருக்கிக் காட்டியது.

முதலாளி கட்ட வேண்டிய பங்கை நேராகவோ சுற்றிவளைத்தோ தொழிலாளியின் கூலியிலிருந்து எடுக்கக் கூடாது என்று 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டம் சொல்லியிருக்கிறது. சட்டம் தெரிந்தவர்கள் அல்லவா அவர்கள்! கூலியிலிருந்து எடுக்கவில்லை. கூலி என்ற பெயர் வைப்பதற்கு முன்பே எடுத்துக் கீழே வைத்துவிட்டார்கள். ஓர் ஆளை வேலைக்கு வைத்துக்கொள்ளத் தங்களுக்கு ஆகிற செலவையெல்லாம் கூட்டி, சி.டி.சி. என்று கடிதத்தில் போட்டார்கள். அந்தச் செலவுக் கணக்கை என் சம்பளம் என்று ஃபிளெக்ஸில் ஏற்றியது யார்? என் அப்பா தப்பாக வகுத்தாரா?

இருபதாயிரத்தில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., தொழில் வரி 208 எல்லாம் போக 18,442. கம்பெனி வேனுக்கு 1,200 பிடித்தது போகக் கைக்கு வந்தது 17,242. தொழில் வரியில் எனக்குக் கோபமில்லை. சென்னை மாநகராட்சி என் வருமானத்துக்கு அரையாண்டுக்கு 1,250 ரூபாய் கேட்கிறது, தெருவிளக்கும் எரிகிறது, போகட்டும்.

அந்த 'ஸ்பெஷல் அலவன்ஸ்' இருக்கிறதே, அதில் ஸ்பெஷல் ஒன்றுமில்லை. என் பக்கத்து இருக்கைக்கும் அதே 6,000, எதிர் இருக்கைக்கும் அதே 6,000. எல்லாருக்கும் மாதந்தோறும் ஒரே மாதிரி கொடுக்கிற படியையும் அடிப்படைச் சம்பளமாகவே கொண்டு பி.எஃப். கட்ட வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்படிப் பார்த்தால் 15,000 ரூபாய் உச்சவரம்புக்குக் கணக்கிட்டு 1,800 கட்டியிருக்க வேண்டும். 1,200 என்றுதான் காட்டினார்கள். சில மாதங்களுக்குப் பிறகு அந்த 1,200ஐயும் கட்டவில்லை. குறைத்து எழுதியதையே விழுங்கியவர்களிடம் கூட்டி எழுதவில்லை என்று நான் முறையிடுவது எனக்கே வேடிக்கையாக இருக்கிறது.

இவ்வளவையும் பொறுத்திருப்பேன். பி.எஃப். எப்போதோ வயதான காலத்துக்குத்தானே என்று மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன். 150 ரூபாயை என்னால் பொறுக்க முடியவில்லை.

அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அறுவை சிகிச்சை செய்துவிட வேண்டும் என்று ஊரில் டாக்டர் சொன்னார். அப்பா பயந்துபோய் போன் செய்தபோது நான்தான் தைரியம் சொன்னேன். "எனக்கு ஈ.எஸ்.ஐ. இருக்குப்பா. மாசாமாசம் பிடிக்கிறாங்க. அம்மாவைக் கூட்டிட்டு வாங்க, ஒரு ரூபா செலவில்லை." மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. உண்டு, அவரை நம்பி இருக்கிற பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. தொழிலாளி நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி மூன்றேகால் ரூபாய் கட்ட வேண்டும். நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பிழையில்லை. அப்பா என் சம்பளச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். கவர்ன்மென்ட் பேர் போட்டிருக்கு, பத்திரமாகத்தான் இருக்கும் என்பது அவர் நம்பிக்கை.

ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக் கவுன்டரில் என் எண்ணைத் தட்டிப் பார்த்த பெண் ஊழியர், "உங்க கம்பெனி பணமே கட்டலையேம்மா, தகுதி இல்லைன்னு காட்டுதே" என்றார். அவர் மேல் குற்றமில்லை, திரையில் இருந்ததைச் சொன்னார். அப்பா சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். "இந்தா பாருங்கம்மா, பிடிச்சிருக்காங்களே." ஒருமுறை சொன்னார். மறுபடியும் சொன்னார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். என் அப்பா பொய்ச் சீட்டோடு வந்தவர் போல அந்த இடத்தில் நின்றார் ஐயா.

முதலாளி பணம் கட்டாததால் தொழிலாளிக்குப் பலன் கிடைக்காமல் போனால், ஈ.எஸ்.ஐ. கழகமே பலனைக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 68ஆவது பிரிவில் இடம் இருந்ததைப் பிற்பாடு படித்தேன். யாருக்குத் தெரியும் அது? ரத்தப்போக்கோடு நிற்கிற பெண்ணை உட்காரவைத்துவிட்டு 68ஆவது பிரிவைப் பற்றி வாதாட யாருக்குத் தெம்பு இருக்கிறது? அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் முடிந்தது. அந்த மாதச் சீட்டிலும் ஈ.எஸ்.ஐ. 150 என்று இருந்தது.

ஹெச்.ஆரிடம் போய் நின்றேன். "கிளையன்ட் பேமென்ட் வரலைம்மா, அதான் கொஞ்சம் டிலே. எல்லாருக்கும் சேர்த்துக் கட்டிடுவோம்" என்றார். கிளையன்ட் பணம் வரவில்லை என்றால் அது உங்கள் பணத்தின் பாடு. என் சம்பளத்தில் பிடித்தது உங்கள் பணமா? அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும் என்று ஒப்படைக்கப்பட்ட பணம். தொழிலாளியின் சம்பளத்தில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுகிற முதலாளி, நம்பி ஒப்படைத்த பொருளை மோசடி செய்தவராகக் கருதப்படுவார் என்று குற்றச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 405இல் இருந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 316இல் இருக்கிறது. ஐந்து வருடம் வரை சிறை. கடையில் கல்லாவிலிருந்து 150 ரூபாய் எடுத்த பையனைத் தெருவில் வைத்து அடிப்பார்கள். இவர்கள் 'டிலே' என்று சொல்லிவிட்டு ஏ.சி. அறைக்குள் போய்விடலாம்.

எனக்காவது சீட்டில் பி.எஃப். என்று ஒரு வரி இருந்தது. என்னோடு படித்தவன் ஒருவனுக்கு அதுவும் இல்லை. காலை ஒன்பதரைக்கு விரல் வைக்க வேண்டும், தாமதமானால் அரைநாள் சம்பளம் போகும், லீவுக்கு மேனேஜரிடம் கெஞ்ச வேண்டும். ஆனால் காகிதத்தில் அவன் ஊழியன் இல்லை, 'கன்சல்டன்ட்'. மாதம் 20,000, அதில் பத்து சதவீதம் டி.டி.எஸ். பிடித்து 18,000 கொடுத்தார்கள். புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரியே இல்லை என்று 2025 பட்ஜெட்டில் கைதட்டினார்களே, அந்த நாட்டில்தான் வருடம் 2,40,000 வாங்குகிற பையனிடம் 24,000 ரூபாய் பிடித்தார்கள். ரிட்டர்ன் தாக்கல் செய்தால் திரும்ப வரும் என்றார்கள். தாக்கல் செய்யப் போனால் வரித்துறையின் 26 ஏஎஸ் படிவத்தில் அந்தக் கம்பெனியின் பெயரே இல்லை. பிடித்த வரியைச் சர்க்காருக்குக் கட்டவே இல்லை. கட்டாத வரியை எப்படித் திருப்பித் தருவார்கள்?

நான் வேலையை விட்டேன். ஒருவர் வேலையை விட்டால் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்று 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. நான் விலகியது அதற்குப் பிறகுதான். "நம்ம பாலிசி 45 நாள்மா" என்றார்கள். நாட்டின் சட்டத்தைவிடக் கம்பெனியின் பாலிசிக்கு வயது அதிகம் போலிருக்கிறது. பி.எஃப். பற்றி எழுதிக் கேட்டதும் ரிலீவிங் லெட்டர் நின்றுபோனது. அது இல்லாமல் அடுத்த கம்பெனி சேர்க்காது. விசாரிக்க அவர்கள் போன் செய்தால் இவர்கள் என்ன சொல்வார்கள் என்ற பயம் வேறு. என்னோடு வேலை பார்த்தவர்கள் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்காதீர்கள். இந்த ஒரு காகிதத்துக்காகத்தான். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் அதைக் கட்டி வைத்திருக்கிறார்கள்.

பி.எஃப். அலுவலகத்தின் இணையதளத்தில் புகார் போட்டிருக்கிறேன். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டங்களில் அவர்கள் நடத்துகிற குறைதீர் முகாமிலும் மனு கொடுத்தேன். சீட்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். விசாரணை நடக்கும் என்றார்கள். நடக்கட்டும்.

ஆனால் அதிகாரிகளே, உங்களிடம் எனக்கு ஒன்று கேட்க வேண்டும். கூலி தரவில்லை என்று தொழிலாளி வழக்குப் போட்டால், கொடுத்தேன் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளிதான் என்று ஊதியச் சட்டத் தொகுப்பின் 59ஆவது பிரிவு சொல்கிறது. அந்த ஒரு பிரிவை எழுதியவருக்கு யாரிடம் பலம் இருக்கிறது என்பது புரிந்திருக்கிறது. பி.எஃப். விஷயத்தில் மட்டும் ஏன் பணம் வந்ததா, வந்ததா என்று பாஸ்புக்கைத் திறந்து திறந்து பார்க்கிற காவல் வேலை எங்களுடையது? என் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். உங்களிடம் இருக்கிறது. என் செல்போன் எண் இருக்கிறது, ஆதார் இருக்கிறது. போன மாதம் யார் யாருக்குப் பணம் கட்டினார்கள் என்ற பட்டியல் இருக்கிறது. இந்த மாதம் 15ஆம் தேதி தாண்டியும் யாருக்கு வரவில்லை என்பது எங்களுக்கு முன்பே உங்கள் கணினிக்குத் தெரியும். பணம் வரவானால் எஸ்.எம்.எஸ். அனுப்பத் தெரிந்த கணினிக்கு, வராத மாதம் அனுப்பத் தெரியாதா? 16ஆம் தேதி காலையில், 'உங்கள் நிறுவனம் இந்த மாதம் பணம் கட்டவில்லை' என்று தமிழில் ஒரே ஒரு வரி. ஈ.எஸ்.ஐ.க்கும் அதே ஒரு வரி. அது வந்திருந்தால் நான் அம்மாவை அந்த வரிசையில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அந்த ஒரு வரியை அனுப்புங்கள். அனுப்பாத ஒவ்வொரு மாதமும் பிடித்தவர்களோடு சேர்த்து உங்களையும்தான் கேட்பேன்.