இடக்கை வீரர்

பாரதக் கதை கேட்டு வளர்ந்த நம் குடும்பங்களில் அர்ஜுனனுக்கு ஸவ்யஸாசி என்றொரு பெயர் உண்டென்பதை அறியாதார் குறைவு. இடக்கையாலும் நாணேற்றி எய்ய வல்லவன் என்பது அதன் பொருள். அர்ஜுனனுக்கு இரு கைகளும் பழுதின்றி இருந்தன. வலக்கை சிதைந்த பின்னர் இடக்கையால் உலகை வென்ற ஒரு வீரரின் வரலாற்றை இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். அவருடைய ஆயுதம் கைத்துப்பாக்கி.

ஹங்கேரி தேசத்தின் தலைநகராகிய புடாபெஸ்டில் 1910-ஆம் ஆண்டு பிறந்தவர் காரோய் டாகாச். ராணுவத்தில் ஸார்ஜெண்டாகப் பணி புரிந்தார். குறி பார்த்துச் சுடுவதில் அவருக்கு நிகரானவர் வெகு சிலரே. ஆயினும் 1936-ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்துக்கு அவரை அனுப்ப மறுத்துவிட்டார்கள். காரணம், உயர்தர அதிகாரிகளே தேசத்தின் சார்பில் சுடலாம் என்றிருந்த ராணுவ விதி. பின்னர் அவ்விதி தளர்ந்தது. அடுத்த பந்தயத்துக்கு அவர் ஆயத்தமாகிக் கொண்டிருந்த 1938-ஆம் ஆண்டில், ராணுவப் பயிற்சியின்போது பழுதான கைக்குண்டு ஒன்று வெடித்து அவருடைய வலக்கையைச் சிதைத்துவிட்டது.

வைத்தியசாலையிலிருந்து வெளிவந்தவர் யாரிடமும் சொல்லாமல் இடக்கையால் பழகலானார். 1939-ஆம் ஆண்டு ஹங்கேரியின் தேசியப் போட்டிக்கு அவர் வந்தபோது, வேடிக்கை பார்க்க வந்திருப்பதாகவே தோழர்கள் எண்ணினார்களாம். அவரோ போட்டியில் கலந்து கொண்டு வெற்றியும் பெற்றார்.

அவர் தேர்ந்த போட்டி எளிதானதன்று. 25 மீட்டர் தூரத்தில் ஐந்து இலக்குகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு குண்டாக ஐந்தையும் முதலில் 8 விநாடியில் சுட வேண்டும். பின்னர் 6 விநாடியில். கடைசியில் 4 விநாடியில். நாம் ஒரு முறை மூச்சை இழுத்து விடுவதற்குள் ஐந்து குறிகளும் தீர்ந்துவிடும். மொத்தம் 60 குண்டுகள், 600 புள்ளிகள்.

யுத்தத்தினால் 1940, 1944-ஆம் ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. 1948-இல் லண்டனுக்கு வந்தபோது டாகாச்சுக்கு வயது 38. எதற்காக வந்தீர் என்று உலக சாம்பியனாகிய அர்ஜெண்டினா வீரர் ஸாயென்ஸ் வாலியெந்தே கேட்டதாகவும், கற்றுக்கொள்ள வந்தேன் என்று இவர் பணிவுடன் விடை சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. டாகாச் 580 புள்ளிகள் பெற்று உலக சாதனையுடன் தங்கப் பதக்கம் வென்றார். கேட்டவர் 571 பெற்று இரண்டாமவரானார். சில தினங்களுக்குப்பின் சுதந்திர பாரதம் ஹாக்கியில் பிரிட்டனை 4-0 என்று வென்றதும் அதே லண்டன் பந்தயத்தில்தான். 1952-இல் ஹெல்ஸிங்கியில் டாகாச் 579 புள்ளிகளுடன் மறுபடியும் தங்கம் வென்றார். இம்முறை இரண்டாமவராக வந்தவர் அவர் நாட்டு இளைஞரே. ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். 1956-இல் மெல்போர்னில் எட்டாமிடம் பெற்றார். 1976-இல் காலமானார்.

இவ்வரலாற்றைச் சொல்லுகிறவர்கள் அவருடைய மனவுறுதியைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். புகழ வேண்டியதுதான். ஆனால் நாம் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். குண்டு வெடித்துக் கை சிதைந்தது. கற்ற வித்தை சிதையவில்லை. கண்ணின் நிதானமும், மூச்சின் அடக்கமும், காலத்தை அளக்கும் உணர்வும் அவரிடமே இருந்தன. புதிய கைக்கு அவற்றைப் போதிப்பதுதான் பாக்கியாயிருந்தது. அவருடைய திறமை வலக்கையில் இல்லாதது போலவே, 1936-இல் அதிகாரிகள் தேடிய தோள்பட்டைச் சின்னத்திலும் இல்லை.

விபத்து அவரை ஒரு வருஷந்தான் தடுத்தது. விதியோ ஓர் ஒலிம்பிக் பந்தயத்தையே பறித்துக்கொண்டது. குண்டு வெடித்ததற்கு விதிவசம் என்று ஆறுதல் சொல்லலாம். மனிதர் எழுதிவைத்த தடைக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. டாகாச்சின் பெயரையாவது நாம் அறிவோம். தகுதியிருந்தும் சுடுமிடத்தின் வாயிலோடு திரும்பிய ஸார்ஜெண்டுகள் எத்தனை பேரோ!

நம் வீடுகளிலும் பள்ளிகளிலும் இத்தகைய விதிகள் எழுதப்படாமலே நடைமுறையில் இருக்கின்றன. “இந்தக் குடும்பத்துப் பிள்ளைக்குக் கணக்கு வராது,” “பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு?” என்று ஒரு சொல்லில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். டாகாச்சைப் போல மனவுறுதி வேண்டுமென்று குழந்தைகளுக்கு உபதேசிக்குமுன், பெரியவர்களாகிய நாம் போட்டிருக்கும் வேலிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவோமாக.