நாலு தந்தியும் நாற்பதாயிரம் ரூபாயும்

புதுச்சேரியிலே ஒரு விசித்திரமான மனித வர்க்கம் இருக்கிறது. இவர்கள் பகல் முழுவதும் பாங்கியில் கணக்குப் பார்ப்பார்கள். அல்லது ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்வார்கள். அல்லது, நம்மைப் போலவே, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தொண்டையைக் கட்டிக் கொள்வார்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஆனதும் மொட்டை மாடிக்கு ஏறி, நாலே நாலு தடித்த தந்திகள் பூட்டிய ஒரு நீண்ட வாத்தியத்தைத் தோளில் மாட்டிக் கொண்டு "தும், தும்" என்று ஆரம்பித்து விடுவார்கள். இந்த வாத்தியத்துக்குப் 'பேஸ் கிதார்' என்று பெயர். கச்சேரியில் நாம் "பேஷ்!" என்று கூவுகிறோமே, அதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. சொல்லப் போனால், பேஸ் வாசிக்கிறவரைப் பார்த்து ஒருவர் "பேஷ்" போடுவது அபூர்வம். கைதட்டல் எல்லாம் பாடுகிறவருக்கும், பக்கத்தில் ஆறு தந்திக் கிதார் வாசிக்கிறவருக்குமே போய்ச் சேருகிறது.

ஆயினும் வாத்தியம் அற்பமானதல்ல. மிருதங்கத்திலே தொப்பிப் பக்கம் என்ன வேலை செய்கிறதோ, ஏறக்குறைய அந்த வேலையை இது செய்கிறது. அதோடு ஸ்வரமும் சொல்கிறது. இதன் மிகத் தடித்த தந்தியை வெறுமனே மீட்டினால் வினாடிக்குச் சுமார் 41 தடவை அதிரும். அதற்குக் கீழே இன்னும் கொஞ்ச தூரம் போனால் மனிதக் காது கைவிட்டு விடும்.

மேல் நாட்டில் முன் காலத்தில் இந்தக் காரியத்தை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பிடில் ஒன்று செய்து வந்தது. அதை ரயிலில் ஏற்றுவதற்குத் தனி டிக்கட் வாங்க வேண்டும் போலிருக்கும். 1936-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்துப் பால் டுட்மார்க் என்பவர், கிதாரைப் போல் குறுக்கே பிடித்து வாசிக்கும் மின்சார வாத்தியம் ஒன்றைச் செய்து பார்த்தார். ஜனங்கள் அதை அவ்வளவாகக் கவனிக்கவில்லை. 1951-இல் கலிபோர்னியாவில் லியோ பெண்டர் வெளியிட்ட 'பிரிஸிஷன் பேஸ்'தான் உலகத்தைப் பிடித்துக் கொண்டது. இந்தப் பெண்டர் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது!

நம்முடைய தமிழ் நாட்டிலே இந்த வாத்தியத்துக்கு மோகம் பிறந்தது சினிமாவினால்தான். 1976-இல் 'அன்னக்கிளி'யோடு புறப்பட்ட இளையராஜாவின் பாட்டுக்களில் கீழே ஓடும் அந்த நாதம், கேட்பவர் அறியாமலே காதில் குடியேறி விட்டது. பெயர் தெரியாமலே அதை முணுமுணுத்துத் திரிந்த பிள்ளைகள் வளர்ந்து, உத்தியோகம் பார்த்து, கையில் நாலு காசு சேர்ந்ததும், "அந்த வாத்தியம் என்ன விலை?" என்று விசாரிக்கிறார்கள். இதிலே தவறு ஒன்றுமில்லை. விசாரணை ஒரு வாத்தியத்தோடு நிற்பதில்லை என்பதுதான் சங்கடம்.

நம்மிடம் முன்னாளில் படித்த அன்பர் ஒருவர் இருக்கிறார். இப்போது பாங்கி உத்தியோகஸ்தர். முதலில் இருபதாயிரம் ரூபாய்க்குள் ஓர் ஆரம்ப வாத்தியம் வாங்கினார். ஒரு வருஷம் கழித்து, "ஐந்து தந்தி இருந்தால்தான் வசதி" என்று இன்னொன்று வந்தது. பிறகு, மெட்டுக்களே இல்லாத வழவழப்பான கழுத்துள்ள மூன்றாவது வாத்தியம். அதில் கமகம் பிடிக்கலாமாம். இப்போது நாற்பதாயிரம் ரூபாய்க்கு நாலாவதைக் கண்டு வைத்திருக்கிறார். அமெரிக்காவிலேயே செய்த அசல் சரக்கோ லட்சத்தைத் தாண்டுமாகையால், இது சிக்கனம் என்பது அவருடைய கட்சி.

வீட்டிலே பதினொரு வயதுப் பெண் குழந்தை இரண்டு வருஷமாக வீணை கற்றுக் கொள்கிறாள். வீட்டில் வீணை இல்லை. வாரத்தில் இரண்டு நாள் குருவின் வீட்டு வாத்தியத்தில் வாசிப்பதோடு சரி. மற்ற நாட்களில் பாடமெல்லாம் மனத்திலேதான். அன்பரின் மனைவி, நாம் போயிருந்தபோது காப்பியை வைத்துவிட்டு, மிகவும் மரியாதையாக ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவர் மூன்று வாங்கியிருக்கிறாரே ஸார், ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எத்தனை பாட்டு வாசிப்பார் என்று நீங்களே கேட்டுச் சொல்லுங்கள்."

நாம் கேட்டோம். அன்பர் யோசித்து, "இரண்டரை" என்றார்.

டிட்ராய்ட் நகரத்து ஜேம்ஸ் ஜாமர்ஸன் என்பவரைப் பற்றி அவருக்குச் சொன்னோம். 'மோடவுன்' கம்பெனியின் இசைத் தட்டுக்களில், 1960-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா முழுவதையும் ஆட வைத்த பாட்டுக்களுக்கெல்லாம் பேஸ் வாசித்தவர் இவர். பெரும்பாலும் ஒரே வாத்தியம்; வலது கையில் ஒரே ஆள்காட்டி விரல். தந்தி அறுந்தாலொழிய மாற்ற மாட்டாராம். 1983-இல் அவர் காலமாவதற்குக் கொஞ்ச நாள் முன்னதாக அந்த வாத்தியத்தை எவனோ திருடிக் கொண்டு போய் விட்டான். அன்பர் இதை உருக்கமாகக் கேட்டுவிட்டு, "ஜாமர்ஸனிடம் இருந்த வாத்தியம் எந்த வருஷத்து மாடல், ஸார்?" என்றார். 1962 என்று சொன்னோம். உடனே டெலிபோனை எடுத்து அதன் விலையைத் தேட ஆரம்பித்து விட்டார்!

ஒலிபெருக்கி விஷயத்தில் நமக்குப் பிடிவாதமான அபிப்பிராயம் உண்டு. தாழ்ந்த நாதத்தை மனிதக் காது சுலபமாக வாங்கிக் கொள்வதில்லை. அது கேட்க வேண்டுமானால் நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். அதனால்தான் பேஸுக்கு உண்டான பெட்டியில் பத்து, பன்னிரண்டு, பதினைந்து அங்குல விட்டமுள்ள ஒலிபெருக்கிகள் வைக்கிறார்கள். கிதாருக்குப் போதுமான வாட் சக்தியைப் போல் பல மடங்கு கொடுக்கிறார்கள். மைதானத்துக்கு இது சரி. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருவில், முந்நூறு வாட் பெட்டியை வாங்கி வைத்துக் கொண்டு என்ன செய்வது? குமிழை இரண்டாம் நம்பருக்கு மேல் திருப்பினால் அடுத்த வீட்டுப் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும். பிறகு அடுத்த வீட்டுக்காரர் பேச ஆரம்பிப்பார்.

ஜாமர்ஸன் பதிவு செய்த அறையிலே வாத்தியத்தின் கம்பியை நேரே பதிவு மேஜையில் செருகி விடுவார்கள். நடுவே ஒலிபெருக்கி கிடையாது. இன்று அந்த வசதி ஆறு ஏழாயிரம் ரூபாய்க்குச் சிறிய பெட்டியாக வருகிறது. 'ஆடியோ இன்டர்பேஸ்' என்கிறார்கள். வாத்தியத்தை அதிலும், அதைக் கம்ப்யூட்டரிலும் செருகி, நல்ல ஹெட்போன் ஒன்று மாட்டிக் கொண்டால் நடுநிசியிலும் சாதகம் செய்யலாம். பதிவு செய்வதற்கு 'அடாஸிடி' போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. பதிந்ததை டெலிபோனின் குட்டி ஒலிபெருக்கியில் போட்டுப் பார்த்து ஏமாற வேண்டாம். அது 41 அதிர்வை எழுப்பவே எழுப்பாது. மேலே உள்ள கிளை நாதங்களை வைத்துக் கொண்டு நம் மூளையே அடி நாதத்தைக் கற்பனை செய்து கொள்கிறது. மேலும், நம்முடைய வாசிப்பை நாமே பதிந்து கேட்பது போன்ற நிர்த்தாட்சண்யமான வாத்தியார் வேறு இல்லை. அன்பருக்கு 'இரண்டரை' என்ற கணக்கு எப்படித் தெரிந்தது என்று நினைக்கிறீர்கள்?

சுதேசிப் பேச்சையும் கொஞ்சம் பேசலாம். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் சீமைச் சாமான் வாங்குவதற்கு எல்லையைத் தாண்டிப் புதுவைக்கு வந்தவர்கள் உண்டு. இன்று புதுவைக்காரர் நல்ல வாத்தியத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால், கிழக்குக் கடற்கரைச் சாலையில் 150 கிலோமீட்டர் பிரயாணம் செய்து சென்னைக்குப் போகிறார். அங்கே 1842-இல் தோன்றிய 'மியூஸி மியூஸிகல்' கடை அண்ணா சாலையில் இருக்கிறது. யமஹா கம்பெனியார் சென்னைக்கு அருகே 2019-இல் திறந்த தொழிற்சாலையில் கிதாரும் கீபோர்டும் உற்பத்தியாகின்றன. ஆனால் அந்தக் கிதார் மரக் கிதார். வரி விஷயமும் இருக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது இத்தகைய வாத்தியங்களுக்கு 28 சதவிகிதம் போட்டார்கள்; அதே வருஷம் நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். கையால் செய்யும் நம் நாட்டு வாத்தியங்களுக்கோ வரி விலக்கு அளித்தார்கள். தஞ்சாவூரில் பலா மரத்தில் கடைந்து, மெழுகிலே இருபத்து நாலு மெட்டுக்களை வைத்து, 2013-இல் புவிசார் குறியீடும் பெற்ற வீணை இந்த வகையைச் சேர்ந்தது. இதை நாம் அன்பரிடம் வேண்டுமென்றேதான் இரண்டு தடவை எடுத்துச் சொன்னோம்.

கடற்கரை ஊர்க்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்று தந்தியைத் தின்று விடுகிறது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைக்காவிட்டால் மூன்று மாதத்தில் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் ஈரம் குடித்துக் கழுத்து வளையும். அதற்காகக் கழுத்துக்குள் ஓர் எஃகுக் கம்பி ஓடுகிறது. சாவியால் கால் சுற்று திருப்பி, ஒரு நாள் பொறுத்துப் பார்க்க வேண்டும். ஆத்திரப்பட்டு முழுச் சுற்று திருப்பினால் வாத்தியம் விறகுக் கடைக்குத்தான் போகும். மூன்று வாத்தியம் வைத்திருப்பவருக்கு இந்தத் திருப்பணி மும்மடங்கு. சாதகம் செய்ய வேண்டிய நேரமெல்லாம் துடைப்பதிலே போய்விடுகிறது.

1982-இல் பிரான்ஸில் தொடங்கி, ஜூன் 21-ஐ ஒட்டிப் புதுவையிலும் நடைபெறும் இசைத் திருவிழாவில், தொழில் வித்வான் அல்லாதவர்களும் தெரு ஓரத்தில் நின்று வாசிக்கலாம் என்பதே ஏற்பாடு. அன்பரின் நாலு பேர் கோஷ்டி ஐந்து வருஷமாக "அடுத்த வருஷம்" என்று சொல்லி வருகிறது. ஒலிபெருக்கி சரியில்லை, மைக் சரியில்லை என்று காரணமும் சொல்லி வருகிறது. பாட்டுத் தயாராக இல்லை என்ற காரணத்தை மட்டும் யாரும் சொன்னதில்லை.

சென்ற மாதம் காலாப்பட்டில் உள்ள சர்வகலாசாலையிலிருந்து ஒரு மாணவர் பஸ் ஏறி வந்து, ஐந்து தந்தி வாத்தியத்தை வாசித்துப் பார்த்தார். அரை மணி நேரம் வாசித்தார். அன்பர் வாய் திறவாமல் கேட்டுக் கொண்டிருந்தார். தந்திகள் துருப்பிடித்திருந்தபடியால் விலையில் இரண்டாயிரம் குறைத்துக் கொண்டு, தோள் பட்டையை இனாமாகவே கொடுத்தார். மெட்டு இல்லாத வாத்தியத்துக்கும் ஒருவர் விலை கேட்டு எழுதியிருக்கிறாராம். வீணைக்குத் தஞ்சாவூரில் முன்பணம் கட்டியாகிவிட்டது. வந்து சேர இரண்டு மாதம் ஆகும் என்கிறார்கள். குழந்தை மொட்டை மாடி அறையில் அதற்கு இடம் பார்த்து, அப்பாவின் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டியைச் சுவர் ஓரமாகத் தள்ளி வைத்திருக்கிறாள்.