உடன்படிக்கை முறிந்தால் உதிரம் பெருகும்



அரசலாற்றின் முகத்துவாரத்தில் அமைந்த நம் காரைக்கால், அயலார் மூட்டிய போர்களால் எத்தனை முறை கைமாறிற்று என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் எடுத்துரைத்ததுண்டா?

1739ஆம் ஆண்டு தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக் கம்பெனியார் இவ்வூரைப் பெற்றனர். 1760இல் ஆங்கிலேயர் இதனைக் கைப்பற்றினர்; 1765இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் வந்தனர். 1778இல் ஆங்கிலேயர், 1785இல் பிரெஞ்சுக்காரர், 1793இல் ஆங்கிலேயர், 1817இல் பிரெஞ்சுக்காரர் என மாறி மாறிக் கொடிகள் ஏறின. இப்போர்களுள் முதலாவது, ஐரோப்பாவின் சிலேசியா நாட்டுக்காகவும் வட அமெரிக்கக் குடியேற்றங்களுக்காகவும் மூண்டது. இரண்டாவது, அமெரிக்க விடுதலைப் போரின் கிளை. மூன்றாவது, பிரெஞ்சுப் புரட்சியின் விளைவு. இங்கே வலை வீசியவருக்கும் ஏர் உழுதவருக்கும் இவற்றோடு என்ன தொடர்பு? யாரோ மூட்டிய தீயில் யாரோ வெந்தனர்.

இருபதாம் நூற்றாண்டில் இத்தீ உலகெங்கும் பரவியது. முதல் உலகப் போரில் மாண்ட போர்வீரர் மட்டும் ஏறத்தாழ 1 கோடிப் பேர். இரண்டாம் உலகப் போரில் மாண்டோர் 6 கோடி முதல் 8 கோடி வரை என மதிப்பிடுவர். அவருள் படைக்கலம் ஏந்தியோரைவிட ஏந்தாதோரே மிகுதி. ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனித இனம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்பது திருமறையின் ஐந்தாம் அத்தியாயமான அல்மாயிதா உணர்த்தும் உண்மை. அங்ஙனமாயின் இக்கோடிகளை எந்தத் தராசில் இட்டு நிறுப்பது?

இவ்வளவு பெரிய அழிவுக்குக் காரணம் யாது? மண்ணாசை, பொன்னாசை, இனச்செருக்கு எனப் பலவும் சொல்வர், அவையனைத்தும் உண்மையே. ஆனால் அவ்வாசைகளுக்கெல்லாம் வாயில் திறந்துவிடும் குற்றம் ஒன்றுண்டு. அதுவே வாக்கு முறித்தல். பெல்ஜியத்தின் நடுநிலையைக் காப்பதாக 1839இல் வல்லரசுகள் ஒப்பமிட்ட உடன்படிக்கையை, 1914இல் ஜெர்மனி மிதித்துக்கொண்டு படையெடுத்தது. போலந்துடன் 1934இல் செய்த ஒப்பந்தத்தை 1939இலும், சோவியத் நாட்டுடன் 1939இல் செய்த ஒப்பந்தத்தை 1941இலும் ஹிட்லர் கிழித்தெறிந்தார்.

இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய சான்றும் உண்டு. 1954ஆம் ஆண்டு பிரான்சு இரண்டு நாடுகளிலிருந்து விலக வேண்டிய நிலையில் இருந்தது. ஒன்று நாம், மற்றொன்று வியட்நாம். இங்கே அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அவ்வாக்கை இரு அரசுகளும் மதித்தன. நவம்பர் முதல் நாள், முன்பெல்லாம் பீரங்கியால் கைமாறிய காரைக்கால், படையெடுப்பு ஏதுமின்றிக் கைமாறியது.

வியட்நாமுக்கும் அவ்வாண்டு ஜூலையில் ஜெனீவாவில் ஒரு வாக்குறுதி அளிக்கப்பட்டது. நாடு தற்காலிகமாகவே இரண்டாகப் பிரிந்திருக்கும். 1956இல் பொதுத்தேர்தல் நடைபெறும் என்பதே அது. அத்தேர்தல் நடைபெறவேயில்லை. தாம் அவ்வுடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை எனத் தெற்கின் ஆட்சியாளர் மறுத்தார். அமெரிக்க வல்லரசு அவருக்குத் துணை நின்றது. போருக்கு வேறு காரணங்களும் உண்டெனினும், பேசித் தீர்க்கும் வழி அன்றே அடைபட்டது. 1975 வரை நடந்த அப்போரில் பொதுமக்கள் 20 லட்சம் பேரும், வட வியட்நாம் தரப்பில் போரிட்டோர் 11 லட்சம் பேரும் மாண்டதாக அந்நாட்டு அரசு 1995இல் அறிவித்தது.

இதனைத் தூரத்துச் செய்தி என்று எண்ணாதீர். காரைக்காலிலிருந்தும் அண்டை ஊர்களிலிருந்தும் சபர் சென்ற நம்மவர் சைகோனில் கடை வைத்தனர். தமிழ் முஸ்லிம்கள் 1935இல் அங்கே எழுப்பிய பள்ளிவாசல் இன்றும் நிற்கின்றது. ஆயின் 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தபின், வாழ்நாள் உழைப்பை அங்கேயே விட்டுவிட்டு வெறுங்கையுடன் திரும்பிய குடும்பங்கள் பல. அங்கே முறிந்த வாக்குக்கு இங்குள்ள அடுப்படிகளும் விலை கொடுத்தன.

பிறரை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட இயலுமா? ஈரானும் ஈராக்கும் 1975இல் அல்ஜியர்ஸ் நகரில் எல்லை உடன்படிக்கை செய்துகொண்டன. 1980இல் ஈராக்கின் அதிபர் சதாம் ஹுசைன் அதனை முறித்துப் படையெடுத்தார். இரு புறமும் கலிமா மொழிந்தோர். இரு புறமும் தக்பீர் முழக்கம். எட்டாண்டுகளில் பல லட்சம் பேர் மடிந்தபின், 1990இல் அதே பழைய உடன்படிக்கையை அவரே மீண்டும் ஏற்றார். இடையில் சிந்திய உதிரத்திற்கு யார் பதில் சொல்வது?

அநீதி இழைக்கப்பட்டோர் தம்மைக் காத்துக்கொள்ள இஸ்லாம் அனுமதி அளிக்கின்றது. எனினும் சமாதானத்தின் வாயில் சிறிது திறந்தாலும் அதனுள் நுழையுமாறு பணிக்கின்றது. ஹிஜ்ரி ஆறாம் ஆண்டு ஹுதைபிய்யாவில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ்வின் தூதர் என்னும் சொல்லையே ஒப்பந்தத்திலிருந்து நீக்க வேண்டுமெனக் குறைஷியர் பிடிவாதம் செய்தனர். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இசைந்தார்கள். விலங்கிட்ட கால்களுடன் அடைக்கலம் தேடி வந்த அபூ ஜந்தல் (ரலி) அவர்களை, ஒப்பந்தப்படி திருப்பி அனுப்பினார்கள். தோழர்கள் நெஞ்சம் குமுறினர். உமர் (ரலி) அவர்களே கலங்கி நின்றார்கள். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த வாக்கிலிருந்து இம்மியும் வழுவவில்லை. அன்று அவர்களுடன் இருந்தோர் ஏறத்தாழ 1,400 பேர். குறைஷியரின் தரப்பு அவ்வொப்பந்தத்தை முறித்தபின், இரண்டே ஆண்டுகளில் மக்காவினுள் நுழைந்தபோது உடன் வந்தோர் 10,000 பேர். அவ்வெற்றியில் பழிவாங்கல் இல்லை, பொதுமன்னிப்பே இருந்தது.

அரசுகளின் உடன்படிக்கைகளைக் காக்கும் அதிகாரம் நம் கையில் இல்லையே என்பீர். உண்மைதான். ஆனால் அரசாள்வோரும் ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவர்களே. பேசிய மஹரைக் கொடாமல் இழுத்தடிக்கும் கணவனும், எழுதிய பாகப் பத்திரத்தை மறுக்கும் அண்ணனும், தவணை சொல்லிக் கடனை மறக்கும் வணிகரும் உள்ள வீட்டில் வளரும் பிள்ளை, வாக்கு என்பது வசதிக்கு ஏற்ப முறிக்கத்தக்கது என்றே கற்கும். நயவஞ்சகனின் அடையாளங்களுள் ஒன்றாக வாக்கு மீறுதலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணியது ஏன் என்பது இப்போது விளங்குகின்றதன்றோ?

ஒவ்வொரு வாக்குறுதி குறித்தும் மறுமையில் விசாரணை உண்டு என்பது மறையின் எச்சரிக்கை. அது மன்னருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. இந்த ஜும்ஆ நாளில், நிறைவேற்றாமல் நிற்கும் நம் வாக்கு ஏதேனும் உண்டா எனத் தேடிப் பார்த்து, அதனை நிறைவேற்ற முனைவோமாக! போரினால் அல்லலுறும் மக்கள் அனைவருக்கும் வல்ல இறைவன் அமைதியை அருள்வானாக! ஆமீன்.