மக்கள் பூங்காவில் மக்களுக்கு இடம் எங்கே?

எழும்பூரில் கடற்கரைப் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் அடுத்த நிலையத்தின் பெயர் பூங்கா. கல்லிடைக்குறிச்சியிலிருந்து நெல்லை எக்ஸ்பிரஸில் நம்மோடு வந்திருந்த அண்ணாச்சி ஒருவர், தாமிரபரணித் தண்ணீரில் நெல் விளைத்துக் காய்த்துப்போன கைகளுக்குச் சொந்தக்காரர், அந்த நிலையத்தில் இறங்கினார். மருத்துவமனையில் படுத்திருக்கும் தம்பி மகனைப் பார்க்க வேண்டும்; பார்வையாளர் நேரத்துக்கோ இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. இடமும் வலமும் பார்த்தார். "பூங்கான்னு எழுதியிருக்கே தம்பி, பூங்கா எங்க இருக்கு? செத்த நேரம் உக்காந்துட்டுப் போலாமே" என்றார்.

நாம் விடை சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

இருந்தது, அண்ணாச்சி, இருந்தது! ஓர் ஏக்கர் ஈரேக்கர் அல்ல, 116 ஏக்கர்! 1859இல் கவர்னராக வந்த டிரெவெல்யன் என்ற வெள்ளையர் திட்டமிட்டுக் கொடுத்தது. குளங்கள், மரங்கள், வண்டிப் பாதைகள், பின்னாளில் உயிர்க்காட்சிச்சாலை! கோட்டைக்குள் வாழ்ந்த துரைமார்களுக்கென்றல்ல, ஊருக்கென்று போட்டதாலே அதற்குப் பெயர் மக்கள் பூங்கா. அந்தப் பெயரைத்தான் ரயில் நிலையம் சுமந்துகொண்டு நிற்கிறது. பார்க் டவுன் என்று அஞ்சல்காரர் எழுதுகிறாரே, அதுவும் அந்தப் பூங்காவின் பெயர்தான். ஊர் இருக்கிறது, நிலையம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. பூங்காவைத்தான் காணோம்!

யார் தின்றார்கள்? இரவோடு இரவாக வேலி போட்டு வளைத்த கள்வன் எவனும் இல்லை. ஒவ்வொரு துண்டும் பகலிலே, கோப்பிலே, கையெழுத்தோடு போயிற்று. ஒவ்வொரு துண்டுக்கும் நல்ல காரணம் இருந்தது. நகருக்கு மண்டபம் வேண்டும் என்றார்கள், விக்டோரியா மண்டபம் எழுந்தது. அங்காடி வேண்டும் என்றார்கள், 1900இல் மூர் மார்க்கெட் வந்தது. மாநகராட்சிக்கு மாளிகை வேண்டாமா என்றார்கள், 1913இல் ரிப்பன் மாளிகை வெள்ளை வெளேரென்று நின்றது. விளையாட்டரங்கம் வேண்டும் என்றார்கள், இன்று நேரு விளையாட்டரங்கம் நிற்கிறது. உயிர்க்காட்சிச்சாலை 1985இல் வண்டலூருக்குப் போயிற்று. போனது சரி, அந்த இடம் மீண்டும் புல்தரையாயிற்றா? அதே 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்தச் சாம்பலின் மேல் மரம் வைத்தார்களா? புறநகர் ரயில் முனையம் வந்தது.

இவற்றில் எதை வேண்டாம் என்போம்? ரிப்பன் மாளிகையையா? தியாகராயர் தலைமை தாங்கிய மாமன்றம் அது. 1959இல் கழகம் அந்த மாமன்றத்தில் வென்று, அ.பொ.அரசு மேயராக அமர்ந்தபோது நம் தோழர்கள் ஆனந்தக் கண்ணீர் வடித்த இடம் அது! விளையாட்டரங்கம் வேண்டாம் என்போமா? ரயில் நிலையம் வேண்டாம் என்போமா? மாட்டோம். அதுதான் இதிலுள்ள சூட்சுமம். கெட்ட காரணம் சொல்லி எடுத்திருந்தால் ஊரே திரண்டு தடுத்திருக்கும். நல்ல காரணம் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக எடுத்ததாலே 116 ஏக்கரும் வாதமின்றிக் கரைந்தது.

இப்போது அந்த வரிசையில் இன்னொன்று. சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தை ஒட்டி 27 மாடிக் கோபுரம் எழுப்ப மெட்ரோ ரயில் நிறுவனம் திட்டம் வகுத்தது. அலுவலகங்கள், கடைகள், வண்டி நிறுத்துமிடம்! படத்தைப் பத்திரிகைகள் வெளியிட்டன. பளபளக்கிறது, மறுப்பதற்கில்லை.

எதிர்ப்பவர்களில் ஒரு சாரார், ரிப்பன் மாளிகையின் அழகு கெடும் என்கிறார்கள். அது கட்டடக்கலை வல்லுநரின் கவலை. நம் கவலை வேறு. ஆதரிப்பவர்களின் வாதத்தை நாம் ஏளனமாக ஒதுக்கவில்லை. பயணச்சீட்டுக் காசில் மட்டும் மெட்ரோ ஓடாது. நிலையத்தின் தலைமேல் கட்டடம் கட்டி வாடகை வாங்கினால் கட்டணத்தை ஏற்றாமல் சமாளிக்கலாம் என்கிறார்கள். ஹாங்காங் நகரம் அப்படித்தான் ரயில் ஓட்டுகிறது. ஏழையின் கட்டணம் ஏறாமலிருக்கப் பணக்காரக் கம்பெனி வாடகை கொடுக்கட்டும் என்றால் நமக்கு அதில் கசப்பென்ன? கட்டுங்கள்!

ஆனால் கேட்கிறோம்: வானம் விற்பனைக்கு வந்துவிட்டது, தரை யாருக்கு?

கடல்கடந்த ஊர்களில் இந்தச் சண்டை நிழலைப் பற்றியது. சான்பிரான்சிஸ்கோ மக்கள் 1984இல் வாக்களித்து, பூங்காவின் மீது புதுநிழல் விழவைக்கும் உயரக் கட்டடங்களுக்குக் கடிவாளம் போட்டார்கள். பாஸ்டன் நகரின் நடுவிலுள்ள பழைய பூங்காவுக்கும் 1990இல் அப்படியொரு சட்டம் வந்தது. 2017இல் ஒரே ஒரு கோபுரத்துக்காக அந்தச் சட்டத்திலே விலக்கும் வந்தது. பதிலுக்குப் பொது நிலத்தை விற்ற பணத்தில் பெரும்பங்கு பூங்காக்களுக்கு என்று நகரம் பேரம் பேசி வாங்கிற்று. சித்திரை வெயிலில் வெந்த நமக்கு, கட்டடத்தின் நிழல் விழுகிறது என்றால் பாய் விரித்துப் படுக்கத்தான் தோன்றும்! நிழலுக்கு நாம் அஞ்சவில்லை. அந்த நிழலில் உட்கார விடுவார்களா என்பதே நம் கேள்வி.

லக்னோ நகரத்து அமீனாபாத்திலே ஜண்டேவாலா பூங்கா என்று ஒன்று. விடுதலைப் போராட்டக் கூட்டங்கள் நடந்த மைதானம். அதன் அடியிலே கடைவீதி தோண்ட நகராட்சியே தனியாருக்கு ஒப்பந்தம் கொடுத்தது. 1999இல் உச்ச நீதிமன்றம் சொன்னது என்ன? கட்டியதை இடி, பூங்காவைப் பழையபடி ஆக்கு! பொது நிலத்துக்கு நகராட்சி முதலாளி அல்ல, காவலாளி என்பதை நாடறியச் செய்த தீர்ப்பு.

பிறர் கதை எதற்கு? நம் வீட்டுக் கதையையும் சொல்லத்தான் வேண்டும். பனகல் அரசர் பெயரில் தியாகராய நகரின் நடுவே பூங்கா இருக்கிறது. நீதிக்கட்சி காலத்து நகரமைப்பின் நெஞ்சு அது. அதைச் சுற்றி விதியை மீறி மாடிமேல் மாடி ஏறியதை நாடறியும். 1999 பிப்ரவரிக்கு முன் கட்டியவற்றை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்று வந்த சட்டத்தின் தேதியை, ஆட்சி எதுவாயினும், மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டார்கள். 2006இல் உயர்நீதிமன்றம் அந்தத் தள்ளிவைப்புகளை ரத்துச் செய்தது. நம்மவர் ஆட்சியிலும் இது நடந்தது என்று எழுதும்போது பேனா கூசுகிறது. கூசினாலும் எழுதுகிறோம்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை போடுகிறவர், அதில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. தனியாரிடம் பத்தில் ஒரு பங்கைக் கேட்டு வாங்கும் அரசு, மக்களிடமிருந்து 116 ஏக்கரை எடுத்துக்கொண்டதே, அதில் பத்தில் ஒரு பங்கு என்ன? பதினொன்றரை ஏக்கர்! அதை எங்கே ஒப்படைத்தது?

கல்லிடைக்குறிச்சிக்காரனுக்கு இதிலே ஏன் இத்தனை ஆத்திரம் என்று கேட்பீர்கள். ஆற்றோடு கிழக்கே போனால் சேரன்மாதேவி வருகிறது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரஸ் கொடுத்த பொதுப்பணத்தையும் வாங்கிக்கொண்டு, பிள்ளைகளுக்குத் தனித்தனிப் பந்தி போட்டார்கள். 1924–25இல் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் போர்க்கொடி தூக்கியது அதற்குத்தான். பொதுப்பணத்தில் நடக்கும் இடத்தில் இவன் இங்கே அவன் அங்கே என்பது ஆகாது என்று கேட்ட மண் எங்கள் மண். அன்று பூணூலைப் பார்த்துப் பந்தி பிரித்தார்கள். கண்ணாடிக் கோபுரத்தின் வாசலில் செருப்பையும் வேட்டியையும் கையிலுள்ள துணிமூட்டையையும் பார்த்து, "இங்கே உட்காராதே, எழுந்திரு" என்று காவலாளி சொன்னால், அதுவும் பந்தி பிரிப்பதன்றி வேறென்ன?

எனவே கோபுரமே கூடாது என்று நாம் கூப்பாடு போடவில்லை. தரைத்தளத்தில் பாதியையாவது கதவும் காவலும் இல்லாத திறந்தவெளியாக விடட்டும். குடிநீர், கழிப்பிடம், நிழல், பெஞ்சு: நான்கும் காசில்லாமல் கிடைக்கட்டும். வருகிற வாடகையில் இவ்வளவு பங்கு சுற்றுப்புறத்துப் பசுமைக்கு என்று அரசாணையிலே எழுதட்டும், மேடையிலே சொல்லிவிட்டு மறக்கும் வாக்குறுதியாக அல்ல. மக்கள் பூங்காவில் மிச்சமிருக்கும் துண்டுகளை அளந்து, இனி எந்த நல்ல காரணத்துக்காகவும் தொடமாட்டோம் என்று மாமன்றம் தீர்மானம் போடட்டும். 27 மாடியின் படத்தை நாம் பார்த்துவிட்டோம். தரைத்தளத்தின் படத்தை முதலில் வெளியிடட்டும்!

அன்று அண்ணாச்சி நடைபாதையோரக் குட்டைச் சுவரில் துண்டை விரித்து மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ஊரிலிருந்து கட்டிவந்த புளிச்சோற்றில் பாதியை நமக்குக் கொடுத்தார். அடுத்த மாதமும் வரவேண்டுமாம். பயணச்சீட்டுக்கு முன்பதிவு செய்து தரச் சொல்லியிருக்கிறார்.