அடிக்காமல் பழக்கலாம் நாய்க்குட்டியை

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நாய்க்குட்டியைப் பழக்குவது என்பதே புதுப் பேச்சு. லயத்து வீட்டின் பின்கதவைத் திறந்தால் பால்மரக் காடு. குட்டி தானாகப் போய்விட்டுத் திரும்பிவிடும். இன்று சுங்கை சிப்புட், பீடோர் பக்கம் பல தோட்டங்கள் செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. ஈப்போவின் வரிசை வீட்டில் குட்டிக்குக் கிடைப்பது டைல்ஸ் தரையும் சிமெண்டு முற்றமும்தான். எங்கே போகலாம், எங்கே கூடாது என்பதை நாம்தான் கற்றுத்தர வேண்டும்.

இரண்டு மாதக் குட்டியால் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. அது பிடிவாதம் அல்ல, வயது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில், பகலில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் குட்டி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சிறிது நேரத்திலும், விளையாடி முடித்ததும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். காலடியில் உணரும் தரைக்கே குட்டி பழகும். முற்றத்தில் புல் இல்லையென்றால் ஓர் அகலத் தட்டில் புல்கட்டி வைத்தால் போதும். வேலை முடிந்த அந்த நொடியே பாராட்டி, ஒரு துண்டு கோழி இறைச்சி கொடுங்கள். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால் எதற்கென்று அதற்குப் புரியாது. தடுப்பூசிகள் முடியும்வரை பொதுத் திடலுக்குக் கொண்டுபோக வேண்டாம். பார்வோ கிருமி மண்ணில் பல மாதம் தங்கும்.

வீட்டுக்குள் போய்விட்டதா? மூக்கைத் தேய்க்காதீர்கள், பிரம்பை எடுக்காதீர்கள். அடிபட்ட குட்டி அடக்கப் பழகாது. சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து போகத்தான் பழகும். என்சைம் கலந்த திரவத்தால் துடையுங்கள். அம்மோனியா உள்ளவை வேண்டாம்; அந்த வாடை சிறுநீரை நினைவூட்டி, குட்டியை அதே இடத்துக்கு மறுபடி இழுக்கும்.

பொறுமை இழந்த சிலர் குட்டியை இரவில் செம்பனைக் காட்டோரம் இறக்கிவிட்டுப் போகிறார்கள். வீட்டில் வளர்ந்த குட்டிக்கு அங்கே இரை தேடத் தெரியாது. 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, பிராணியைக் கொடுமையாக அடித்தால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

பெரும்பாலான குட்டிகள் ஆறு மாத வயதுக்குள் ஓரளவு பழகிவிடும். அதுவரை ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சொல். வீட்டில் எல்லோரும் அதையே கடைப்பிடியுங்கள், தாத்தா பாட்டியும்தான்.